மனேஜர் சொன்ன ஓம்

மச்சான்,

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடித்த கல்வெட்டு என் மேசையில் கிடக்கிறது. இறந்தவரைப் புகழ்ந்து எழுதி அச்சடித்து, சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகத்துக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கல்வெட்டு. தாளில் அச்சு மையின் மணம் இன்னும் போகவில்லை. அட்லிஸ்வில் மண்டபத்தில் வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தவன், திரும்பி வரும் ரயிலில்தான் பிரித்தேன். நடுப்பக்கத்தில் எங்கள் பழைய உதைபந்தாட்டக் கழகத்தின் அஞ்சலி இருந்தது. ‘எமது கழகத்தின் முதற் பயிற்றுநரான அன்னார், நிர்வாகத்தின் சொல்லை ஒருபோதும் தட்டாதவர்.’

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெண் தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டாள். பிறகு கோபம் வந்தது. நீ எப்போது மச்சான் அன்னார் ஆனாய்? உயிரோடு இருந்தபோது உன்னை அடக்க முடியாதவர்கள், நீ பதில் சொல்ல முடியாத நேரம் பார்த்து உன்னை அடக்கமானவன் என்று அச்சடித்திருக்கிறார்கள். இதை நான் சும்மா விடப்போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். உனக்கும் எனக்கும் இடையில் தீராத வழக்கு ஒன்று இருந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நீ செத்துப்போனதால் அந்த வழக்கில் நீ வென்றுவிட்டதாக நினைக்காதே.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸில், இன்டர்லாக்கனில் ஒரே ஹோட்டலின் குசினியில் நாம் இரண்டு பேரும் கோப்பை கழுவினோம். நீ யாழ்ப்பாணத்தில் நல்ல கழகமொன்றுக்கு நடுக்களத்தில் ஆடியவன். முழங்கால் போன பிறகும், பந்தைக் கண்டால் உன் கண் வேறு எங்கும் போகாது. நான் உதைத்தால் பந்து எந்தப் பக்கம் போகும் என்று எனக்கே தெரியாது. ஆனால் எனக்கு வாசிப்பு இருந்தது. ஊரில் மாமாவின் கடையில் சாமான் சுற்ற வரும் பழைய ஆங்கில விளையாட்டுப் பத்திரிகைகளை வரி விடாமல் வாசித்தவன் நான். இங்கிலாந்துக் கழகங்களில் யார் யாரை வாங்கினார்கள், யார் யாரை வெளியே இருத்தினார்கள் என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். அதற்கு நீ கடதாசி உதைபந்தாட்டம் என்று பெயர் வைத்திருந்தாய்.

மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் ஹோட்டலில் தரும் ஓய்வுக்கு சிம்மர்ஸ்டுண்ட என்று பெயர். அறைக்குப் போய்ப் படுப்பதற்கென்று தருவது. எங்களில் ஒருவரும் படுக்கவில்லை. அப்ரனைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டுப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடுவோம். மற்ற ஹோட்டல்களில் வேலை செய்த பெடியன்களும் வெங்காய மணத்தோடு ஓடி வருவார்கள். கழகம் அப்படித்தான் தொடங்கியது. நிர்வாகம் பிறகுதான் வந்தது.

நிர்வாகம் என்றால் தலைவர். பெயர் வேண்டாம், தலைவர் என்றே இருக்கட்டும். எங்களுக்கு முதலே வந்து ஜெர்மன் படித்தவர். பெர்மிட் கந்தோர், டொக்டர், ஹோட்டல் முதலாளி என்று எங்கே போனாலும் எங்களுக்காக அவர்தான் பேச வேண்டும். எங்கள் எல்லோருடைய வாயும் அவரிடம் இருந்தது என்றே சொல்லலாம். உதவி கேட்டுப் போன எவனையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. செய்த உதவியை எவனையும் மறக்க விட்டதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பாதிரியார் தந்த மண்டபத்தில் கூட்டம் போட்டுப் பதவிகளைப் பிரித்தார். நீ ட்ரெயினர், நான் மனேஜர். எல்லோரும் கை தட்டினார்கள். எந்தப் பதவிக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

நான் வாசித்த ஆங்கிலப் பத்திரிகைகளில் மனேஜர் என்றால் எல்லாம் அவர்தான். ஆளை வாங்குவதும் அவர், பழக்குவதும் அவர், சனிக்கிழமை யார் ஆடுவது என்று முடிவெடுப்பதும் அவர். ஆகவே மனேஜர் ஆன அன்றே, இனிப் பதினொருவரைத் தெரிந்தெடுப்பது நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். நீ இந்த நாட்டுக் கழகங்களைப் பார்த்துப் பழகியவன். இங்கே மனேஜர் என்றால் ஒப்பந்தம் எழுதுகிறவர், ட்ரெயினர் என்றால் ஆட்டத்துக்கு ஆள் இறக்குகிறவர். தலைவருக்கோ இரண்டு அர்த்தமும் தெரியாது. அவருடைய ஊரில் பள்ளிக்கூடத்து மனேஜர் என்று ஒருவர் இருந்தாராம். மேலிடம் சொல்வதை வாத்தியாருக்குச் சொல்வதுதான் அவருடைய வேலை. ஒரே சொல்லை மூன்று பேரும் மூன்று விதமாக வைத்துக்கொண்டு ஒரு கழகத்தை நடத்தினோம்.

அந்தக் கோடையில் நாட்டின் முதற் பிரிவில் ஆடும் கழகமொன்று பயிற்சிக்காக எங்கள் ஹோட்டலில் வந்து தங்கியது. ட்ரெயினர் ஒரு ஜெர்மன்காரர், நரைத்த தலை, அதிகம் பேசமாட்டார். மனேஜர் அவர்களோடு தங்கவில்லை. ஒரு மதியம் தன் காரில் புது முன்களக்காரன் ஒருவனை ஏற்றிக்கொண்டு நேரே சாப்பாட்டு மண்டபத்துக்கு வந்தார். ட்ரெயினர் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதுவரை ஒரு சொல்கூடச் சொல்லியிருக்கவில்லை என்பது மண்டபம் முழுக்கத் தெரிந்தது. அவர் எழுந்து வந்தவனுக்குக் கை கொடுத்தார், இருந்து மிச்சச் சூப்பைக் குடித்து முடித்தார். சாப்பாடு கொடுக்கும் ஜன்னலால் நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றதில் கழுவ வேண்டிய கோப்பை குவிந்துபோய் ஷெஃபிடம் ஏச்சு வாங்கினோம்.

அடுத்த நாள் சிம்மர்ஸ்டுண்டவுக்கு நீ அவர்களுடைய மைதானத்துக்குப் போய்ப் புல்லில் படுத்திருந்து பார்த்தாய். ட்ரெயினர் புதியவனை இரண்டாவது அணியில் விட்டாராம். மனேஜர் ஓரத்தில் நின்று கத்தினாராம். ட்ரெயினர் திரும்பிப் பார்த்து, குரலை உயர்த்தாமல் ஒரு வசனம் சொன்னாராம். அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்து பரிசாரகனிடம் அர்த்தம் கேட்டாய். ‘டி அவுஃப்ஸ்டெல்லுங் மஹ இஹ்.’ பதினொருவரைத் தெரிந்தெடுப்பது நான்.

நீ முழுதாகச் சொல்லப் பழகிய முதல் ஜெர்மன் வசனம் அதுதான். அதன் பிறகு அறையில் எந்தச் சட்டியில் பருப்பு வைப்பது என்று கேட்டாலும் அதையே சொன்னாய். கறிக்கு எவ்வளவு தூள் போடுவது என்று கேட்டாலும் அதுதான்.

அந்த வாரம் முடியுமுன்பே ட்ரெயினரை வேலையை விட்டுக் கலைத்துவிட்டார்கள். முன்வாசலில் பத்திரிகைக்காரர் நின்றபடியால் சூட்கேசோடு குசினிக்குள்ளால் வந்தார். பின்கதவைத் திறந்து விட்டவன் நீ. உன் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பார்த்தாயா, கடைசியில் வென்றது மனேஜர்தானே என்றேன். நீ சட்டி உரஞ்சுவதை நிறுத்தாமல் சொன்னாய்: “கலைக்கலாம் மச்சான். கலைக்கிற உரிமை அவங்களிட்டை இருக்கு. ஆனா ட்ரெயினர் நிக்கிறமட்டும் டீம் அவரின்ரை கையிலைதான்.”

இரண்டு தலை எதற்கு, இங்கிலாந்தைப் போல ஒருவரே எல்லாவற்றையும் செய்தால் இந்தக் கரைச்சல் வராதே என்று நான் கேட்டேன். அந்த ஒருவர் பிழை விட்டால் அவருக்கு யார் சொல்வது என்று நீ கேட்டாய். அன்று தொடங்கிய வாதம் அது.

இனித் தவத்தின் கதைக்கு வருகிறேன். எங்கள் கோல்காப்பாளன் தவம் மட்டக்களப்புப் பெடியன். கழகத்தில் மற்ற எல்லோரும் யாழ்ப்பாணம். பிறகு என்பதற்கு அவன் மறுகா என்பான். பெடியன்கள் அதையே அவனுக்குப் பட்டப்பெயராக்கி மறுகா, மறுகா என்று கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். நீ மட்டும் ஒருநாளும் சிரிக்கவில்லை, தவம் என்றுதான் கூப்பிட்டாய். கை அகலம், பாய்ச்சல் கொஞ்சம் மந்தம். ஆனால் மழையோ பனியோ, மைதானத்துக்கு முதலில் வருபவன் அவன்.

லுசேர்ணில் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி அறிவித்தார்கள். பல ஊர்களிலிருந்து அணிகள் வருவதாக இருந்தது. அதே நேரம் பார்த்துத் தலைவரின் மருமகன் ஊரிலிருந்து வந்து சேர்ந்தான். அவனும் கோல்காப்பாளன். உண்மையைச் சொன்னால் தவத்தைவிடத் திறமானவன், அதை நீயே ஒத்துக்கொண்டாய். ஆனாலும் தவத்தைத்தான் போட்டாய். பயிற்சிக்கு வராதவனை இறக்க மாட்டேன் என்றாய். தலைவர் உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. அவர் வந்தது என்னிடம்.

போட்டி நாளன்று லுசேர்ணுக்குப் போகும் ரயில் புரூனிக் மலையில் ஏறிக்கொண்டிருந்தது. நீ பெட்டியின் அந்தத் தொங்கல் மூலையில் பெடியன்களோடு இருந்தாய். தலைவர் என் பக்கத்தில் வந்து இருந்து, தோளில் கை போட்டார். “தம்பி, டீமை முடிவெடுக்கிறது மனேஜர் எண்டு நீர்தானே சொல்லித் திரியிறீர். அப்ப முடிவெடும். மருமகனை இறக்கும். எங்கடை ஊர்ச் சனம் எல்லாம் பாக்க வரும், மட்டக்களப்பானைக் கோலுக்குள்ளை விட்டிட்டு நிக்கிறதோ?”

நான் கேட்டுத் திரிந்த அதிகாரத்தை முதன்முதலாக ஒருவர் என் கையில் தந்தார், உன் கழுத்தை வெட்டுவதற்காக. அவர் தந்த கத்தியாலேயே அவருக்கு வெட்டுவோம் என்று நினைத்தேன். பெட்டி முழுக்கக் கேட்கச் சொன்னேன்: “ஓம், முடிவெடுக்கிறது நான்தான். ட்ரெயினர் சொன்ன டீமுக்கு நான் ஓம். தவம்தான் கோலுக்கு.”

எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? தலைவர் எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் அறிவித்தார். மனேஜர் ஓம் சொல்லிவிட்டாராம், ஆகவே தனக்கும் சம்மதமாம். இனி ஒவ்வொரு போட்டிக்கும் இதுதான் ஒழுங்காம்: ட்ரெயினர் பெயர் சொல்ல வேண்டும், மனேஜர் பார்த்து ஓம் சொல்ல வேண்டும். பெடியன்கள் கை தட்டினார்கள். நீ தட்டவில்லை. லுசேர்ண் வரும்வரை நீ என் பக்கம் திரும்பவேயில்லை.

மைதானத்தில் மற்றவர்கள் உடுப்பு மாற்றிக்கொண்டிருக்க, நீ சப்பாத்து நாடாவைக் கட்டாமல் புல்லில் இருந்தாய். நான் கிட்ட வந்ததும் சொன்னாய், “உன்ரை ஓமைத் திருப்பி எடு. இல்லாட்டி டீம் இறங்காது.”

உனக்கு விசரா, நீ கேட்ட ஆட்களுக்குத்தானே நான் ஓம் சொன்னேன், உன்னைக் காப்பாற்றத்தானே சொன்னேன் என்று கத்தினேன். நீ கத்தவில்லை. “நான் உன்னட்டை ஓம் கேட்டனானோ? இண்டைக்கு நீ ஓம் எண்டால் நாளைக்கு நீயே இல்லை எண்டும் சொல்லலாம். நாளைக்கு உன்ரை இடத்திலை வேறை ஒருத்தன் இருப்பான்.”

எப்படித் திருப்பி எடுப்பது? நான் ஓமைத் திருப்பி எடுத்தால் மனேஜர் ஒத்துக்கொள்ளாத டீம் என்று சொல்லித் தலைவர் மருமகனை இறக்குவார். எடுக்காவிட்டால் நீ எழும்ப மாட்டாய். தவம் கையுறையைப் போட்டுக்கொண்டு உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். தனக்காகத்தான் இது என்று அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். நான் வெளியே இருக்கிறேன், மற்றவரே ஆடட்டும் என்று மெல்லச் சொன்னான். அவனையும் பேசாமல் இரு என்று அதட்டினாய்.

அப்போது மத்தியஸ்தர் வந்தார். இந்த ஊர்க்காரர், எங்கள் சண்டை ஒன்றும் தெரியாதவர். ஆட்டக்காரரின் பெயர்களுக்குக் கையெழுத்து வேண்டும் என்று கேட்டார். ஜெர்மன் கேட்டதும் வழக்கம்போலத் தலைவர் முன்னால் வந்தார். நீ எழுந்தாய். அவரைத் தாண்டி நடந்தாய். அவிழ்ந்த நாடாவோடு மத்தியஸ்தரின் முன்னால் நின்று, குசினியில் சட்டி பானைகளுக்கெல்லாம் சொல்லிப் பழகிய அந்த வசனத்தைச் சொன்னாய். “டி அவுஃப்ஸ்டெல்லுங் மஹ இஹ்.”

மத்தியஸ்தர் உன்னை அதிசயமாகப் பார்த்தார். ட்ரெயினர் நீதானே, வேறு யார் செய்வது என்று கேட்டுவிட்டுப் பேனையை உன்னிடம் நீட்டினார். தலைவர் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அவ்வளவு நாளும் எங்கள் எல்லோருக்கும் பதிலாகப் பேசிய அந்த மனிதர், அன்று பேச ஒரு சொல்லும் இல்லாமல் நின்றார். என்னுடைய ஓமும் எங்கேயோ காற்றில் போனது.

ஆட்டத்தில் தோற்றோம். அதை மறைக்க மாட்டேன். கடைசியில் வந்த பந்து சும்மா உருண்டு வந்த பந்து, குழந்தையும் பிடிக்கும். தவத்தின் கால்களுக்கு இடையால் போய்விட்டது. பார்க்க வந்த சனம் மறுகா, மறுகா என்று கூவியது. தலைவர் உன்னிடம் வந்து, இப்போது என்ன சொல்கிறீர் என்று கேட்டார். தவம் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு இருந்தான். நீ அவன் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்ன பதிலை மைதானமே கேட்டது: “அடுத்த மாட்சுக்கும் தவம்தான்.”

அடுத்த மாட்ச் உனக்கு வரவில்லை. பாதிரியாரின் மண்டபத்தில் மறுபடியும் கூட்டம் போட்டு உன்னைக் கலைத்தார்கள். நீ எழுந்து, கலைக்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதிரையை ஒழுங்காக மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனாய். டீமைத் தெரிந்தெடுக்கும் வேலையை என்னிடம் தந்தார்கள். வேண்டாம் என்று நானும் எழுந்து வந்தேன். உன் அகதி விசாரணைக்குப் பேசத் தலைவர் வரவில்லை. முன்பின் தெரியாத ஒரு மொழிபெயர்ப்பாளரோடு போய் வந்தாய். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பயம் என்று இந்தக் கல்வெட்டை எழுதிய பிள்ளைகளுக்குத் தெரியாது. பிறகு நீயும் தவமும் சுவிஸ்காரரின் சின்னக் கழகமொன்றில் போய்ச் சேர்ந்தீர்கள். பழைய கழகத்து வாசலை நீ மிதிக்கவேயில்லை. இதுதான் நிர்வாகத்தின் சொல்லைத் தட்டாதவனின் கதை.

அந்தக் குளிர்காலம் முழுக்க நீ என்னோடும் கதைக்கவில்லை. ஒரே தொட்டியில் கோப்பை கழுவிக்கொண்டு, சவர்க்காரத்தைக்கூட ஷெஃபிடம் சொல்லி என்னிடம் கேட்டாய். பனி கரைந்த பிறகு ஒருநாள், வேறு ஏதோ கழகம் தன் ட்ரெயினரைக் கலைத்த செய்தியைப் பத்திரிகையில் காட்டி, பார்த்தாயா என்றாய். அவ்வளவுதான் சமாதானம். அதன் பிறகு நான் சூரிச் பக்கம் வந்தேன், நீயும் வந்தாய். எந்தக் கழகத்தில் எந்த ட்ரெயினர் போனாலும் உன் ஃபோன் வரும். அதிகாரம் மனேஜரிடம்தான் என்பேன் நான். கலைக்க மட்டும்தான் என்பாய் நீ. நம் தலை நரைக்கும்வரை இதையே கதைத்தோம்.

இப்போதும் சொல்கிறேன், அன்று நான் ஓம் சொன்னது சரி. அன்பில் சொன்னது. திரும்பவும் அந்த ரயிலில் ஏற்றினால் திரும்பவும் சொல்வேன். மன்னிப்புக் கேட்பேன் என்று கடைசிவரை நீ பார்த்திருந்தால், அது உன் பாடு.

ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த மத்தியானம், மெல்லிய குரலில் ஆட்களின் பெயர்களைச் சொன்னாய். உன் சவப்பெட்டியைத் தூக்குவதற்கு. தவம் முன்னுக்கு என்றாய், பிறகு மற்றப் பழைய பெடியன்கள். எல்லாம் சொல்லி முடிந்ததும் பழக்க தோஷத்தில் ஓம் சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

எரிக்கும் அன்று இப்போதைய கமிட்டிக்காரர் கறுப்புக் கோட்டோடும் கழகக் கொடியோடும் வந்து வரிசையில் நின்றார்கள். தாங்கள்தான் தூக்குவோம் என்றார்கள். உன் மனைவி அவர்களை என்னிடம் கேட்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர்களில் ஒருவன் என்னிடம் வந்து மரியாதையாகக் கேட்டான்: “அண்ணை, நீங்கள்தானே முதல் மனேஜர். நீங்கள் ஒரு ஓம் சொன்னால் காணும்.”

“என்னட்டைக் கேக்காதை தம்பி,” என்றேன். “ட்ரெயினர் சொல்லிப்போட்டுத்தான் போனவர்.”

நீ சொன்ன பெயர்களை நீ சொன்ன ஒழுங்கில் கூப்பிட்டேன். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றைக் குறைக்கவில்லை. தவம் முன்னுக்கு வந்தான். அவனுக்கும் இப்போது முழங்கால் சரியில்லை, ஆனாலும் தூக்கினான். கமிட்டிக்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். நானும் பின்னால்தான் நடந்தேன். நீ சொன்ன பெயர்களில் என் பெயர் இருக்கவில்லை. ஏன் என்று ஆஸ்பத்திரியிலும் நான் கேட்கவில்லை, எரிக்கும் அன்றும் யாரையும் கேட்க விடவில்லை. இவ்வளவு காலம் கூட இருந்தவனை வெளியே இருத்திவிட்டுப் போன அந்தக் கோபத்தை நான் இன்னும் சுமக்கிறேன். இறக்கி வைக்கும் எண்ணமும் இல்லை.

நீ தெரிந்தெடுத்தது பிழை, மச்சான். ஆனால் தெரிந்தெடுத்தது நீ.